சிலையைக் கீறி அச்சடிக்கலாம், ஒரு பால் பெட்டி இருந்தால்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படம் வரைவதில்லை, கீறுவோம். சென்னையில் ஒருமுறை ஒரு நண்பரிடம் "நான் சின்ன வயதிலிருந்தே படம் கீறுவேன்" என்று சொல்ல, அவர் என்னை ஏதோ படங்களைக் கிழிக்கிற ஆள் என்று நினைத்துவிட்டார். ஆனால் இந்த வேலைக்கு எங்கள் சொல்தான் சரி. ஒரு தகட்டை ஊசியால் கீறி, கீறலுக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் கடதாசியை மேலே வைத்து அழுத்தி எடுக்கிற படம் இது. கீறாமல் ஒன்றும் நடக்காது.

இந்த முறையில் ஒரு சிலையின் முகத்தை எப்படி அச்சுப்படம் ஆக்குவது என்றுதான் எழுதப்போகிறேன். பால் வருகிற அட்டைப் பெட்டி (உள்ளே வெள்ளி நிறமாக மினுங்குமே, அது), பள்ளிக்கூடக் கவராயம், கொஞ்சம் அச்சு மை, ஒரு பழைய சாரம் (லுங்கி), இவ்வளவும் கைவசம் இருந்தால் தொடங்கலாம். அழுத்துகிற இயந்திரம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது.

ஏன் சிலை? முகம் கீறிப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் யாரையாவது பிடித்து உட்கார வைப்பார்கள், இல்லாவிட்டால் கல்யாண வீட்டுப் படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள். இரண்டும் சிரமம். ஆள் அசையும். படத்திலோ தோலின் நிறம், சேலையின் நிறம், மேக்கப் எல்லாம் கலந்து, எது வெளிச்சம் எது நிறம் என்று பிரித்துப் பார்க்க விடாது. சிலை அசையாது, பெயின்ற் அடிக்காதவரை அதற்கு ஒரே நிறம்தான். அதோடு எந்தச் சுருக்கத்தை வைப்பது, எந்த மயிர்க்கற்றையை விடுவது என்று சிற்பி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். உங்கள் வேலையில் பாதி அங்கேயே முடிந்தது.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. கமெரா வருவதற்கு முன்னர், ரோமில் நிற்கிற ஒரு சிலையை வேறு நாட்டில் இருக்கிற ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம்தான் வழி. ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் என்ற டச்சுக்காரர் 1590-91இல் ரோமில் இருந்த காலத்தில் அங்குள்ள பழைய சிலைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து வந்து, அவற்றில் சிலதைத் தகட்டில் செதுக்கினார். அவருடைய ஹெர்குலிஸ் படம் சிலையின் முதுகுப் பக்கத்தைக் காட்டும், கீழே இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சிலை எவ்வளவு பெரிது என்பதை அந்த இரண்டு தலைகளும் சொல்லிவிடும். ரூபன்ஸ் என்ற பிளெமிஷ் ஓவியர் பழைய மார்பளவுச் சிலைகளைப் பார்த்து வரைந்து கொடுக்க, சோக்ரடீஸ், சிசரோ, செனெக்கா என்று 12 முகங்கள் 1638இல் அச்சாகி வந்தன. இங்கே கிட்டவும் உதாரணம் இருக்கிறது: 1960களில் வந்த இலங்கை நாணயத்தாள்கள் சிலவற்றில், பொலன்னறுவையில் பாறையில் செதுக்கிய, பராக்கிரமபாகு என்று சொல்லப்படுகிற அந்தச் சிலைதான் இருக்கும். பழைய காசு சேர்க்கிற யாரிடமாவது கேட்டு வாங்கி பூதக்கண்ணாடியால் பாருங்கள். முகம் முழுக்கக் கோடுகள்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்: ஆளைக் கீறாதீர்கள், கல்லைக் கீறுங்கள்.

நான் முதலில் எடுத்தது எங்கள் ஒழுங்கை முகப்பில், வாசிகசாலைக்கு முன்னால் இருக்கிற திருவள்ளுவர். மார்பளவு, சீமெந்து. தாடியை ஒரு மயிர் விடாமல் கீறினேன், புருவத்துக்கு மயிர் வைத்தேன், உதட்டைக் கொஞ்சம் கருப்பாக்கினேன். இரண்டு பின்னேரம் போனது. அச்செடுத்துப் பார்த்தால் யாரோ ஒரு சாமியார், வள்ளுவரும் இல்லை, சிலையும் இல்லை. பிறகு திரும்பப் போய்ச் சிலையை வடிவாகப் பார்த்தேன். தாடியில் மயிரே கிடையாது. ஏழு தடித்த வரம்பு, அவற்றுக்கு நடுவே ஆறு வாய்க்கால், தோட்டத்துப் பாத்தி மாதிரி. வாய்க்காலுக்குள் நிழல் விழுகிறது, அவ்வளவுதான். புருவம் ஒரு விளிம்பு. கீழுதடு எங்கே முடிகிறது என்பதை அதற்குக் கீழே இருக்கிற நிழல்தான் காட்டுகிறது, உதட்டுக்கென்று தனி நிறம் இல்லை. இதையெல்லாம் அப்படியே கீறினால் பார்க்கிறவருக்கு "இது சிலை" என்று உடனே பிடிபடும், அப்புறம் வள்ளுவரும் தானாக வந்து உட்காருவார்.

எந்தச் சிலையை எடுப்பது? முத்திரைச் சந்தியில் இருக்கிற சங்கிலியன் மன்னன் வேண்டாம், குதிரை, ஆள், வாள் என்று முதல் படத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள். பொது நூலகத்துக்கு முன்னால் இருக்கிற சரஸ்வதியும் இப்போதைக்கு வேண்டாம், வீணையும் விரல்களுமே ஒரு மாத வேலை. சந்தியிலோ பள்ளிக்கூட வளவிலோ இருக்கிற ஒரு மார்பளவுச் சிலை போதும். தாடி, தலைப்பாகை, சால்வை மடிப்பு ஏதாவது இருந்தால் நல்லது, மழுமழுவென்ற முகம்தான் கீறக் கஷ்டம்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது பீடத்தின் உயரம். எங்கள் ஊர்ச் சிலைகள் ஆள் உயரப் பீடத்தில்தான் இருக்கும். கிட்டப் போய் போனைத் தூக்கிப் பிடித்தால் நாடி பெரிதாகி, நெற்றி சுருங்கி, மூக்குத் துவாரம் இரண்டும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். இருபது அடியாவது பின்னுக்குப் போய் சூம் பண்ணி எடுங்கள். பக்கத்துக் கடையில் ஒரு கதிரை வாங்கி ஏறி நின்றால் இன்னும் நல்லது. ஏன் எடுக்கிறீர்கள் என்று யாராவது வந்து கேட்பார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்களே கதிரையைப் பிடிப்பார்கள். பள்ளிக்கூட வளவென்றால் அதிபரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

வெளிச்சம்தான் இதில் பெரிய விஷயம். உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் கருங்குழியாகிவிடும். வெயில் நேரே முகத்தில் அடித்தால் முகம் தோசைக்கல் மாதிரித் தட்டையாகத் தெரியும். பக்கத்திலிருந்து, கொஞ்சம் மேலிருந்து வெளிச்சம் விழ வேண்டும். கிழக்கே பார்த்த சிலையென்றால் மார்கழி, தை மாதக் காலை எட்டரை, ஒன்பது மணி நல்லது, அப்போது சூரியன் தெற்கே சரிந்து நிற்பதால் ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மற்றக் கன்னம் நிழலிலும் இருக்கும். அவ்வளவு காத்திருக்கப் பஞ்சியென்றால் மைமல் நேரத்தில் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போய் ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். நண்பர் ரோச்சை ஒரு அங்குலம் நகர்த்தினால் சிலையின் முகபாவமே மாறுவதைப் பார்க்கலாம், அதைப் பார்ப்பதற்காகவே ஒருநாள் போகலாம்.

தங்கப் பெயின்ற் அடித்த சிலை என்றால் கொஞ்சம் தலையிடி. மினுக்கம் வெளிச்சம் மாதிரியே இருக்கும், ஆனால் அது வடிவத்தைக் காட்டாது, மூக்கு நுனியில் ஒரு பொட்டு, நெற்றியில் ஒரு பொட்டு என்று ஏமாற்றும். ஐப்பசி, கார்த்திகையில் மப்பு மூடிய நாளில், மழை விட்டுச் சிலை காய்ந்த பிறகு எடுங்கள்.

படத்தை போனில் கறுப்பு வெள்ளையாக்கி, இடம்வலமாகத் திருப்பிவிடுங்கள். அச்சில் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல மாறும், திருப்பாமல் கீறினால் இடது தோள் சால்வை வலது தோளுக்குப் போய்விடும். பிறகு பத்துக்குப் பதினைந்து சென்ரிமீற்றர் அளவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மூன்றே மூன்று பகுதியாகப் பென்சிலால் பிரியுங்கள்: வெறுமையாக விடுவது, நடுத்தரம், இருட்டு. இதற்கு மேல் பிரிக்கப் போனால் குழம்பிவிடுவீர்கள்.

இனிக் கோடு. கோயிலில் பூசைக்குக் கும்பம் வைக்கும்போது ஐயர் குடத்தைச் சுற்றி வெள்ளை நூல் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கும் மறுக்குமாகச் சுற்ற, குடம் முழுக்கச் சாய்சதுரக் கட்டங்கள் விழும். உங்களைப் பார்த்திருக்கிற வயிற்றுப் பக்கத்தில் கட்டங்கள் அகலமாக இருக்கும், இரண்டு ஓரமும் போகப்போக ஒடுங்கும், கழுத்துக்குக் கிட்டச் சின்னதாகிவிடும். குடத்தை மாயமாக எடுத்துவிட்டு நூலை மட்டும் விட்டாலும் அங்கே குடம் இருந்தது என்று தெரியும். செப்புத் தகட்டுக்காரர்கள் காலம் காலமாகச் செய்தது இதைத்தான். கன்னம் ஒரு கும்பம், நெற்றி ஒரு கும்பம், மூக்கு ஒரு ஒல்லிக் கும்பம். நூல் எப்படி அதைச் சுற்றும் என்று யோசித்து அந்த வழியே ஊசியை விடுங்கள். முதல் நாள் சிலையைத் தொடவே வேண்டாம், கொப்பியில் பேனையால் நான்கு கும்பம் கீறிப் பழகுங்கள்.

குறுக்குக் கோடு போடும்போது நேர்ச்சதுரமாக வெட்டவிடாதீர்கள், அது நுளம்பு வலை மாதிரி முகத்துக்கு முன்னால் தொங்கும். சாய்வாக வெட்டட்டும். பழைய ஆட்கள் அந்தச் சாய்சதுரத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைப்பார்கள், நிழல் மென்மையாகக் கருக்கும். குறுக்குக் கோடே பஞ்சியாக இருந்தால் ஒரே திசைக் கோடும் போதும். குளோட் மெலான் என்ற பிரெஞ்சுக்காரர் 1649இல் இயேசுவின் முகம் முழுவதையும் மூக்கு நுனியில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு போகிற ஒரே கோட்டால் செதுக்கினார், தடிப்பதும் மெலிவதும்தான் நிழல். 1830களில் பிரான்ஸில் அஷில் கொலாஸ் உருவாக்கிய இயந்திரம் பதக்கங்களையும் புடைப்புச் சிற்பங்களையும் ஒரு ஊசியால் தடவிக்கொண்டே போய், மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைகிற சமாந்தரக் கோடுகளாகத் தகட்டில் போட்டது. கோடு ஒன்றையொன்று வெட்டவே இல்லை, ஆனாலும் முகம் கடதாசியிலிருந்து எழும்பி நிற்கும். நாம் மெலான் இல்லை, ஒரே கோடெல்லாம் வேண்டாம், ஆனால் எத்தனை குறைந்த கோட்டில் முடியும் என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

பால் பெட்டியை வெட்டி விரித்து, கழுவிக் காயவிட்டு, மடிப்பு இல்லாத பகுதியை எடுங்கள். வெள்ளிப் பக்கம் மேலே. திருப்பிய பிரதியை அதன்மேல் ஒட்டி, முக்கியமான கோடுகளைக் குமிழ்முனைப் பேனையால் அழுத்தினால் தகட்டில் பள்ளமாக விழும். பிறகு பிரதியை எடுத்துவிட்டுக் கவராயத்தின் ஊசியால் கீற வேண்டும். கவராயத்தைச் சுற்றிக் கொஞ்சம் துணி கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரை மணியில் விரல் காய்த்துவிடும். மெல்லிய கீறலுக்கு மென்கறுப்பு, ஆழமான கீறலுக்குக் கடுங்கறுப்பு. அட்டையைத் துளைத்துவிடாதீர்கள். முழு இருட்டு வேண்டிய இடத்தில் பிளேடால் ஓரத்தை மெதுவாக வெட்டி, மேலே இருக்கிற வெள்ளித் தோலை உரித்துவிடலாம், உள்ளே இருக்கிற மட்டை மையைக் குடித்துக் கன்னங்கரேலென்று அச்சாகும். நான் பின்னணியை இப்படி உரிப்பேன், அப்போது வெளிச்சப் பக்கத்துக் கன்னம் வெட்டென்று முன்னால் வரும்.

ஒளி புகும் அக்ரிலிக் தகடும் நல்லது, பிரதியைக் கீழே வைத்துப் பார்த்தே கீறலாம், கூடப் பிரதிகளும் கிடைக்கும். ஆனால் அதைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். மூன்று வாரமாகக் கீறிய ஒரு தகட்டை நான் தின்னரில் துடைத்து, அது பால் மாதிரி வெளிறிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கண்களைக் கடைசியில் கீறுங்கள். கோயில் விக்கிரகத்துக்கு ஸ்தபதிமார் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். நமக்கு அதில் ஒரு நடைமுறை நன்மையும் இருக்கிறது, முகத்தின் மற்ற நிழல்கள் எல்லாம் விழுந்த பிறகுதான் கண் எவ்வளவு கருக்க வேண்டும் என்று தெரியும். சலவைக்கல் சிலையில் பெரும்பாலும் கருமணி இருக்காது, வெறும் உருண்டை. அங்கே கருமணி வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள், மேலிமையின் நிழலை மட்டும் போடுங்கள், பார்வை வந்துவிடும். எங்கள் சீமெந்துச் சிலைகளுக்குப் பெயின்றால் கண் எழுதியிருப்பார்கள். அதை என்ன செய்வது? ஊர் அறிந்த முகம் அந்தக் கண்ணோடுதான், அதனால் நான் நாலு சின்னக் கோடு மட்டும் போட்டு விடுவேன். போன நினைவுநாளுக்குப் போட்ட மாலையின் நார் கழுத்தில் கிடந்தால் அதையும் விடாமல் கீறுவேன், காகத்தின் எச்சத்தை விட்டுவிடுவேன்.

மைக்கு எந்த அச்சகத்திலும் ஓப்செட் கறுப்பு மை கொஞ்சம் கேட்டு வாங்கலாம், சின்னப் போத்தல் மூடி அளவு இருந்தாலே பத்துப் படம் வரும். மை கொஞ்சம் இளகலாக இருக்கும், முகப் பவுடர் ஒரு சிட்டிகை போட்டுக் குழைத்தால் இறுகும். பழைய ரீலோட் காட் ஒன்றால் தகடு முழுக்கத் தேய்த்துக் கீறல்களுக்குள் இறக்குங்கள். பிறகு சாரத்துத் துணியை உருட்டி, வட்ட வட்டமாக, அழுத்தாமல் துடைக்க வேண்டும். அழுத்தித் துடைத்தால் கீறலுக்குள் இருக்கிற மையும் வந்துவிடும். கடைசியாக ஒரு பத்திரிகைத் துண்டைத் தட்டையாக வைத்து ஒரு தடவு. வெளிச்ச இடங்களில் வெள்ளி மினுங்க வேண்டும், முழுக்க மினுங்கத் தேவையில்லை, ஒரு மெல்லிய புகை மாதிரி மை நின்றால் சிலைக்கு வடிவுதான்.

கடதாசி ஈரமாக இருக்க வேண்டும், நனைந்திருக்கக் கூடாது. சித்திரக் கடதாசியைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு, இரண்டு துவாய்க்கு நடுவே வைத்து ஒற்றுங்கள். பிடித்துப் பார்த்தால் குளிர வேண்டும், மினுங்கக் கூடாது. ஆடி மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது தகட்டைத் துடைத்து முடிப்பதற்குள் கடதாசி அப்பளமாகிவிடும், அதனால் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

அழுத்துவதற்குச் சிறந்த சாமான் பாஸ்தா மெஷின். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்த மாமி யாராவது ஒன்றைக் கொண்டுவந்து, ஒருநாள் இடியப்பம் பிழிய முடியுமா என்று பார்த்துவிட்டு, பெட்டியோடு மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். உருளையின் அகலம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் என்பதால் நமது தகடு வடிவாகப் போகும். கீழே ஒரு மட்டை, அதன்மேல் மை பூசிய தகடு, கடதாசி, அதற்கு மேல் ஒரு துண்டுக் கம்பளித் துணி, இப்படி அடுக்கி, சுற்றும்போது கை கொஞ்சம் கனக்கிற அளவுக்கு இடைவெளியைக் குறைத்து, நிறுத்தாமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். நடுவில் நிறுத்தினால் ஒரு பட்டை விழும். பிறகு அந்த மெஷினைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது, மாமியிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

மெஷின் கிடைக்கவில்லையா, மெல்லிய கடதாசியை எடுத்து, வளைந்த முதுகுள்ள எவர்சில்வர் கரண்டியால் சின்னச் சின்ன வட்டமாகப் பத்து நிமிடம் தேய்க்கலாம். கை நோகும், ஆனால் வரும். புத்தகம் கட்டுகிறவர்களின் திருகு அழுத்தி அவ்வளவு திறமில்லை, பலம் தகடு முழுக்கப் பரவிவிடுவதால் படம் சாம்பலாகத்தான் வரும்.

முதல் பிரதி எப்போதும் ஏமாற்றும். அதைச் சோதனை என்று எடுத்துக்கொண்டு, எங்கே வெளிறியிருக்கிறது என்று பார்த்துத் தகட்டில் இன்னும் கொஞ்சம் கீறுங்கள். கூட்டலாம், குறைக்க முடியாது, அதனால் வெளிச்சப் பகுதியில் கை வைக்க முதல் ஒருமுறை எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பால் பெட்டித் தகட்டில் எனக்கு எட்டு, பத்துப் பிரதி நன்றாக வரும், பிறகு கீறல்கள் நசிந்துவிடும். எல்லாம் முடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து ஒருமுறை துடைத்தால் தகடும் கையும் சுத்தம். படங்களை இரண்டு பலகைக்கு நடுவே, பத்திரிகைத் தாள் வைத்து, மூன்று நாலு நாள் காயவிடுங்கள்.

கடைசியாகப் பெயர். பழைய அச்சுப்படங்களின் கீழ் மூலையில் ஒரு பெயரும் பக்கத்தில் 'ஸ்கல்ப்ஸிட்' என்ற லத்தீன் சொல்லும் இருக்கும். செதுக்கினார் என்று அர்த்தம். அது சிலையைச் செதுக்கியவர் என்று நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, தகட்டைச் செதுக்கியவர். ரூபன்ஸின் அந்த முகங்களில் 'பழைய சலவைக்கல்லிலிருந்து' என்று லத்தீனில் போட்டிருக்கிறார்கள், கல்லைச் செய்தவருக்குப் பெயர் இல்லை. எங்கள் ஊரிலும் இதே கதைதான். பீடத்தில் உபயகாரர் பெயர் இருக்கும், திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், சிலையைச் செய்தவர் பெயரைத் தேட வேண்டும். ஆள் இருக்கிறார் என்றால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் படத்தை விற்பதோ காட்சிக்கு வைப்பதோ நல்லது.

வாசிகசாலைக்கு எதிரில் இருக்கிற கடைக்கார ஐயாவிடம் கேட்டேன். அவர் இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் சீமெந்து வேலை செய்த ஒருவரின் பெயரைச் சொன்னார். தகட்டின் இடது மூலையில் 'சிலை' என்று போட்டு அந்தப் பெயரைக் கீறினேன். எழுத்தையும் திருப்பிக் கீற வேண்டும் என்பது அந்த அவசரத்தில் மறந்துவிட்டது. கரண்டியால் தேய்த்து எடுத்த எட்டுப் பிரதியிலும் வள்ளுவர் சரி, பெயர் தலைமாறி. ஒன்றைக் கொண்டுபோய் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், கடதாசியைத் திருப்பி வெயிலுக்கு நேரே பிடித்து, பின்பக்கமாக வாசித்தார்.